படிவத்தில் 'ஒன்று' என்று எழுதினார், அது எத்தனை?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதம் இது. பெயர், ஊர், மருத்துவமனை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்கு 38 வயது. கல்யாண மண்டபங்களில் சமைப்பவர். 14 மாதங்களுக்கு முன், ஒரு முகூர்த்தத்துக்கு முந்தைய பகலில் பலகாரம் போட்டுக்கொண்டிருந்தபோது அடுப்பின் முட்டு நழுவி எண்ணெய்க் கடாய் சரிந்தது. வலக் கை, மார்பின் ஒரு பக்கம், தொடை என்று தீப்புண். ஆறு வாரம் மருத்துவமனையில் இருந்தார். இரண்டு முறை தோல் ஒட்டினார்கள். சேர்த்த மூன்றாம் நாள் இரவு ஆளே மாறிப்போனார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். "அடுப்பை அணை, அடுப்பை அணை" என்று கத்தினார். காயத்தின் மேலிருந்த துணியைப் பிய்த்துப் போட்டார். கைகளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள். பணியிலிருந்த மருத்துவர் "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டதற்கு, "அந்தப் பழக்கமே கிடையாது சார்" என்று இந்தச் சகோதரி சொல்லிவிட்டார். உண்மையில் பல வருடங்களாக இரவில் ஒரு குவார்ட்டர் உண்டு. விபத்து நடந்த அன்று அவர் குடிக்கவில்லை, முந்தைய இரவு குடித்திருந்தார். ஆனால் சமையல் ஒப்பந்தக்காரர் வார்டுக்கே வந்து, "குடிகாரன் என்று எழுதிவிட்டால் நஷ்டஈடாக ஐந்து பைசா கிடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வீடு திரும்பிய சில வாரங்களில் குடி மீண்டும் தொடங்கியது. இப்போது இரவில் ஒரு குவார்ட்டர், காலையில் கை நடுக்கம் நிற்பதற்கு ஒரு 'கட்டிங்'. தழும்பில் இரவு முழுவதும் அரிப்பு. அதற்கும் வலிக்கும் சேர்த்து, பழைய மாத்திரை அட்டையைக் கடையில் காட்டி டிரமடால் என்ற வலி மாத்திரையை வாங்கி விழுங்குகிறார். முழங்கையும் விரல்களும் தோல் இறுகி மடங்கிவிட்டன. அவற்றை விடுவிக்க அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அதற்கு முந்தைய பரிசோதனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எவ்வளவு அடிக்கடி குடிப்பீர்கள் என்ற இடத்தில் 'வாரம் இரண்டு மூன்று நாள்', குடிக்கும் நாளில் எத்தனை என்ற இடத்தில் 'ஒன்று', ஒரே நேரத்தில் ஆறும் அதற்கு மேலும் குடித்ததுண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று நிரப்பிக் கொடுத்துவிட்டார்.

"மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் ஆபரேஷனை நிறுத்திவிடுவார்களா? நஷ்டஈடு போய்விடுமா? மாமியார் சாப்பாட்டில் கலக்கும் மருந்து வாங்கலாம் என்கிறார். கொழுந்தனார், வேனில் வந்து தூக்கிக்கொண்டு போகும் மையம் ஒன்று இருக்கிறது என்கிறார். கை சரியாகிவிட்டால் குடி தானாக நின்றுவிடும் என்று நான் நினைக்கிறேன். எது சரி?" இதுதான் கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 'ஒன்று'தான். உங்கள் கணவர் பொய் எழுதியதாக நீங்கள் குமைந்திருக்கிறீர்கள். 'வாரம் இரண்டு மூன்று நாள்' என்பது பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'ஒன்று' என்பது அவர் கணக்கில் உண்மை: ஒரு குவார்ட்டர் என்றால் ஒன்று. அந்தப் படிவத்தின் கணக்கு வேறு. அது உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விப் பட்டியலின் முதல் மூன்று கேள்விகள். அங்கே 'ஒன்று' என்றால் 10 கிராம் தூய சாராயம் (ஆல்கஹால்) உள்ள ஓர் அளவு. நம் கடையில் விற்கும் பிராந்தி 42.8 சதவீதம்; 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சாராயம் இருக்கிறது. ஆக ஒரு குவார்ட்டர் என்பது ஆறு. காலைக் கட்டிங்கான 90 மில்லியையும் சேர்த்தால் அவர் நாளொன்றுக்கு எடுப்பது ஒன்பது.

அந்த மூன்று கேள்விகளுக்கு மொத்தம் 12 மதிப்பெண். அவர் எழுதிய விடைகளுக்கு 3 கிடைக்கும். ஆண்களுக்கு 4 வந்தால்தான் மருத்துவர் நிமிர்ந்து பார்ப்பார். 3 என்றால் தாளைக் கோப்பில் செருகிவிடுவார். நீங்கள் எனக்கு எழுதியிருப்பதை வைத்துப் போட்டால் வருவது 11. மூன்றுக்கும் பதினொன்றுக்கும் நடுவில்தான் உங்கள் கணவரின் அறுவை சிகிச்சை இருக்கிறது. இதில் பாதிக் குற்றம் மருத்துவர்களான எங்களுடையது. பெக் கணக்கில் குடிப்பவர்களுக்காக எழுதிய கேள்வியை, பாட்டில் கணக்கில் குடிப்பவர் கையில் அப்படியே கொடுத்துவிட்டு, விடை சரியாக வரவில்லை என்று குறைபடுகிறோம்.

இன்னொன்று, அந்தப் பட்டியல் மதுவை மட்டும் கேட்கும். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வலி மாத்திரை, தூக்க மாத்திரை, கஞ்சா எல்லாவற்றையும் கேட்பதற்கு 'அசிஸ்ட்' என்று அதே நிறுவனத்தின் வேறொரு பட்டியல் உண்டு. தீக்காயப் பிரிவுகளில் அதைப் பயன்படுத்துவது நம் பக்கம் அரிது.

அந்த மூன்றாம் நாள் இரவு

அதிர்ச்சியில் புத்தி பேதலித்தது என்றும், காற்றுக் கருப்பு என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கயிற்றை விடுங்கள், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. நாளைக் கணக்குப் பாருங்கள். கடைசியாகக் குடித்தது விபத்துக்கு முந்தைய இரவு. பல வருடம் தினமும் குடித்த உடல், திடீரென்று மது நின்றால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு அடுத்த கட்டம் வரும்: வியர்வை, காய்ச்சல், பூச்சி ஊர்வது போன்ற தோற்றம், இருக்கும் இடமே தெரியாத குழப்பம். வார்டில் இருந்துகொண்டு மண்டபத்து அடுப்பை அணைக்கச் சொன்னாரே, அதுதான்.

கிருமித் தொற்று, உப்புச் சத்து மாற்றம், புகையோ மூச்சுத் திணறலோ இவற்றாலும் தீக்காயக்காரர்களுக்கு இப்படிப் புத்தி தடுமாறும். எனவே நேரில் பார்க்காமல் நூற்றுக்கு நூறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாளும் அறிகுறியும் இவ்வளவு பொருந்தி வரும்போது, முதலில் மதுவைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த மருத்துவரும் சந்தேகித்துத்தான் கேட்டார். தெரிந்திருந்தால் முதல் நாளே தயமின் (வைட்டமின் பி1) ஊசியும், நடுக்கத்தை அடக்கும் லோராசிபாம் போன்ற மருந்தும் தொடங்கியிருப்பார்கள். கையைக் கட்ட வேண்டிய நிலையே பெரும்பாலும் வந்திருக்காது.

இதைச் சொல்வது உங்களைக் குத்திக்காட்ட அல்ல. அந்தக் கேள்வியை எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் எட்டுக் கட்டில், பக்கத்தில் மாமியார், வாசலில் ஒப்பந்தக்காரர். நான் முதுநிலை மாணவனாக இருந்தபோது தீக்காய வார்டில் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். ஒரு லாரி கிளீனரிடம், அவருடைய அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த நேரத்தில், "குடிப்பீர்களா?" என்று கேட்டேன். அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. அவர் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், "இல்லை" என்றார். அடுத்த நாள் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு நான் அப்படிக் கேட்பதில்லை. கூட இருப்பவர்களைக் காபி குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, "வழக்கமாக என்ன வாங்குவீர்கள், எவ்வளவு ஓடும்?" என்று கேட்கிறேன். குடிக்காதவர் சிரித்துவிட்டு இல்லை என்பார். குடிப்பவர் அளவைச் சொல்லிவிடுவார்.

இதே இடத்தில் இன்னொரு ஆதங்கத்தையும் கொட்டிவிடுகிறேன். நம் தீக்காய வார்டுகளில் படுத்திருக்கும் பெண்களிடம் இதை யாரும் கேட்பதே இல்லை. அவர்களிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: நீங்கள் எடுப்பதுண்டா என்பது ஒன்று, வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் பல நேரம் அந்தத் தீ எப்படிப் பற்றியது என்பதே இருக்கும்.

கை நடுக்கம் தீக்காயத்தால் அல்ல

"நரம்பு வெந்துவிட்டதால் காலையில் கை நடுங்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்திலேயே, இடக் கையால் டம்ளரைப் பிடித்தால்கூடக் காபி தளும்புகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இடக் கையில் தீ படவே இல்லையே! இரண்டு கையும் விடியற்காலையில் நடுங்கி, கட்டிங் உள்ளே போனதும் அடங்குகிறது என்றால் அது உடல் மதுவைக் கேட்பது. ஜான் யூயிங் என்ற அமெரிக்க மருத்துவர் 1984இல் வெளியிட்ட நான்கே கேள்விகள் கொண்ட ஒரு சோதனை உண்டு. குறைக்க வேண்டும் என்று நினைத்ததுண்டா, பிறர் சொன்னால் கோபம் வருகிறதா, குற்ற உணர்வு உண்டா என்பவை முதல் மூன்று. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நிதானம் வருகிறதா என்பது நான்காவது. நாலில் இரண்டுக்கு ஆம் என்றாலே கவனிக்க வேண்டும். எனக்கு அந்த நான்காவதன் மீதுதான் கண் போகும்.

இதனால்தான் அடுத்த வரியை அழுத்திச் சொல்கிறேன். அவருடைய குடியை வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த முயலாதீர்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், அப்பா தூங்கியதும் பாட்டிலில் பாதியைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அந்த வேலையை அவளிடமிருந்து இன்றே வாங்கிவிடுங்கள். ஒரு காலை அவருக்கு வலிப்பு வந்தால் அந்தப் பிள்ளை அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும். இங்கே வலிப்பு என்பது சும்மா பயமுறுத்தலும் அல்ல. டிரமடால் தனியாகவே வலிப்பைத் தூண்டக்கூடிய மாத்திரை. மது திடீரென்று நிற்கும்போது அதுவும் உடலில் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. மது உள்ளே இருக்கும்போது டிரமடாலைக் கூட்டினால் ஆபத்து வேறு பக்கம் திரும்பும், தூக்கத்திலேயே மூச்சு மந்தமாகும். அரிப்புக்கென்று யாராவது பிரிகாபாலின் என்ற நரம்பு வலி மாத்திரையோ தூக்கம் வரும் அலர்ஜி மாத்திரையோ எழுதிக் கொடுத்து, அதையும் இவற்றோடு சேர்த்து விழுங்கினால் இன்னும் மோசம்.

ஆனால் அரிப்பு நடிப்பு என்று மாமியார் சொல்வதை நம்பாதீர்கள். ஆழமான தீப்புண் ஆறிய தழும்பு மாதக்கணக்கில், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம், அரித்துக்கொண்டே இருக்கும். இரவில் அதிகம். ஒட்டிய தோலில் வியர்வை வராது, எண்ணெய்ப் பசையும் இல்லை, வறண்டு இழுக்கும். பகலெல்லாம் வேலை இல்லாமல், கண்ணாடியில் முகம் பார்க்காமல், இரவெல்லாம் சொறிந்துகொண்டு கிடக்கும் மனிதன் தூக்கத்துக்காகக் குடிப்பது எனக்குப் புரிகிறது. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் தூக்கமும் வரும். பின்னிரவில் அதே மது தூக்கத்தைக் கலைக்கும், கனவில் எண்ணெய் சரியும், அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நீங்கள் எழுதிய மூன்று மணி விழிப்பு இதுதான். அரிப்புக்கு வாசனையில்லாத பசை, மென்மையாகத் தேய்த்துவிடுவது, நாளில் பெரும்பகுதி அணிய வேண்டிய அழுத்த உடை, சிலிக்கான் பூச்சு, மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்து என்று வழிகள் உண்டு. அழுத்த உடையை அவர் 'இறுக்குகிறது' என்று பீரோவில் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 14 மாதத்தில் உடம்பும் மாறியிருக்கும், புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள்.

கை நிமிர்ந்தால் குடி தானாக நிற்கும் என்ற உங்கள் நம்பிக்கையை உடைப்பதற்கு மனமில்லைதான். ஆனால் காலைக் கட்டிங் வந்த பிறகு காரணம் போனாலும் பழக்கம் போகாது. அறுவை சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் கை மீண்டும் கட்டுக்குள் இருக்கும், வலியும் இருக்கும். குடி கூடுவதற்குத் தோதான காலம் அது.

சொன்னால் ஆபரேஷன் நின்றுவிடுமா?

தள்ளிப்போகலாம். மறுக்க மாட்டார்கள். தோல் இறுக்கத்தை விடுவிப்பது அவசர அறுவை சிகிச்சை அல்ல. இதுபோன்ற திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குமுன் குறைந்தது நான்கு வாரம் மது இல்லாமல் இருந்தால் தொற்று, ரத்தக் கசிவு, புண் ஆறாமை போன்ற தொல்லைகள் குறையும். அதற்குள் கை மேலும் இறுகாமல் இருக்கப் பிசியோதெரபியும் சிம்புக் கட்டும் போதும்.

சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பாருங்கள். மயக்க மருந்து மருத்துவர் 3 மதிப்பெண்ணை நம்பி அளவு போடுவார். தினமும் குடிப்பவருக்கு அந்த அளவு போதாமலும் போகலாம், கல்லீரல் கெட்டிருந்தால் அதுவே கூடுதலாகவும் ஆகலாம். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் இரவு, பழைய கதை மறுபடி. இம்முறை பிய்த்துப் போடப்போவது புதிதாக ஒட்டிய தோல்.

ஆகவே சொல்லுங்கள். எப்படி? கணவருக்குத் தெரியாமல் போய்ச் சொல்வதுதான் உங்களுக்கு முதலில் தோன்றும். நான் அதைக் கடைசி வழியாக வைப்பேன். முதலில் அவரிடமே பேசிப் பாருங்கள். மாலையில் வேண்டாம், காலைக் கட்டிங்குக்குப் பிறகு, அவர் ஓரளவு நிதானமாக இருக்கும் முற்பகலில் பேசுங்கள். குடியிலிருந்து ஆரம்பிக்காமல் அரிப்பிலிருந்தும் தூக்கத்திலிருந்தும் ஆரம்பியுங்கள். "அந்தப் பேப்பரில் ஒன்று என்றால் ஒரு குவார்ட்டர் இல்லையாம், ஒரு குவார்ட்டருக்கு ஆறு என்று கணக்காம். நாம் தப்பாக எழுதிவிட்டோம், போய்த் திருத்திவிட்டு வந்துவிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பொய் சொன்னார் என்ற பேச்சே அதில் இல்லை, அவர் முகமும் கோணாது. வர மறுத்தால் நீங்கள் தனியாகப் போய்ச் சொல்லலாம். நோயாளியின் ரகசியத்தை உங்களிடம் சொல்லத்தான் மருத்துவருக்குத் தடை. உங்களிடமிருந்து கேட்டுக்கொள்ள அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

அறுவை சிகிச்சை நிபுணர் உங்களை மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். "பைத்தியத்துக்கா?" என்று வீட்டில் கேட்பார்கள். மதுவை நிறுத்தும்போது வரும் தொல்லைகளைச் சமாளிப்பது அந்தப் பிரிவின் அன்றாட வேலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குப் படுக்கை உண்டு. பொதுவாக ஒரு வாரம், பத்து நாள். தயமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கான மருந்தை முதலில் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். டிரமடாலையும் ஒரேயடியாக நிறுத்தாமல் குறைப்பார்கள்.

அங்கே ஒரு விஷயத்தை நீங்கள் மறக்காமல் சொல்ல வேண்டும். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் என்ற நல்ல மாத்திரை இருக்கிறது. ஆனால் அது ஓபியம் வகை வலி மருந்துகளின் வழியை அடைத்துவிடும். டிரமடால் உடலில் இருக்கும்போது கொடுத்தால் கடும் அவதி வரும். ஆபரேஷன் சமயத்தில் உள்ளே இருந்தால் வலி மருந்து பிடிக்காது. குடியை விட்டவர்களுக்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான அகாம்ப்ரோசேட்டில் அந்தச் சிக்கல் இல்லை, சிறுநீரகம் நன்றாக இருந்தால் போதும். எது என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. டிரமடாலையும் ஆபரேஷன் தேதியையும் தெரிவிப்பது உங்கள் வேலை.

சாப்பாட்டில் கலப்பதும் வேனில் ஏற்றுவதும்

இரண்டும் வேண்டாம். 'தெரியாமல் கொடுக்கலாம்' என்று விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. டைசல்ஃபிராம் மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கிப் பொடித்துக் கலப்பவர்களும் உண்டு. அந்த மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகமும் மார்பும் தீயாய்க் காந்தும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து நீடிக்கும். எண்ணெயில் வெந்த மனிதனுக்குக் காரணம் புரியாமல் உடம்பு தீயாய்க் காந்தினால் அவர் மனம் எங்கே போகும்? அவராகத் தெரிந்து, சம்மதித்து, கல்லீரலைப் பரிசோதித்த பிறகு எடுத்தால் அதே மருந்து சிலருக்கு நன்றாக உதவுகிறது.

வேனில் தூக்கிப் போகும் மையத்தைப் பொறுத்தவரை: மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் உள்ளடக்கியது. அதன்படி சிகிச்சைக்கு அவருடைய சம்மதம் வேண்டும். முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால் மட்டும், மருத்துவர்களின் பரிசோதனையோடு, சட்டம் சொல்லும் வழியில் சேர்க்கலாம். சங்கிலியால் கட்டுவதற்கு எந்த வடிவிலும் தடை. பதிவு பெறாத மையத்தில் வலிப்பு வந்தால் பார்க்க மருத்துவர் இருக்க மாட்டார். தழும்பு இறுகிய கையை முறுக்கி வேனில் ஏற்றுவதை நினைத்தாலே எனக்குப் பகீர் என்கிறது. கொழுந்தனாரின் அக்கறைக்கு வேறு வேலை கொடுங்கள்: மருத்துவமனையில் அந்தப் பத்து நாள் மாற்றி மாற்றித் துணைக்கு இருக்கட்டும்.

நஷ்டஈட்டைப் பற்றி

சட்டம் என் துறை அல்ல; ஆனால் ஒப்பந்தக்காரர் உங்களை மிரட்டிய வாக்கியம் அரைகுறையானது என்பது வரை தெரியும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் மதுவைப் பற்றிய விலக்கு இருக்கிறது. அது பேசுவது, விபத்து நடந்த நேரத்தில் அவர் போதையில் இருந்தாரா, அந்தப் போதையே நேரடியாக விபத்துக்குக் காரணமா என்பதை. பழக்கம் உண்டா என்ற கேள்வி அங்கே இல்லை. சாவுக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் அந்த விலக்குகூடப் பொருந்தாது.

நீங்கள் இத்தனை நாள் குழம்பியது இங்கேதான். 'அன்று குடித்திருந்தாரா' என்பது வழக்குக்கான கேள்வி. 'வழக்கமாகக் குடிப்பாரா' என்பது சிகிச்சைக்கான கேள்வி. முதலாவதற்கு விடை இல்லை என்பது, இரண்டாவதற்கு ஆம். இரண்டையும் ஒரே நேரத்தில் உண்மையாகச் சொல்லலாம், ஒன்று மற்றதைப் பொய்யாக்காது. விபத்தன்று மருத்துவமனையில் எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மது வாடை இருந்ததா இல்லையா என்று பல இடங்களில் அதில் குறிப்பார்கள். அது உங்களுக்குச் சாதகமான காகிதமாக இருக்கக்கூடும்.

சங்கடமான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. மருத்துவக் குறிப்புகள் ரகசியம்தான், ஆனால் நீதிமன்றம் கேட்டால் போகும். தனியார் காப்பீடு ஏதாவது எடுத்திருந்தால், குடிப்பழக்கத்துக்கான சிகிச்சைச் செலவைத் தர மாட்டோம் என்ற ஷரத்து அதில் இருக்க வாய்ப்பு அதிகம்; எடுத்துப் படியுங்கள். அந்தச் சிகிச்சையை அரசு மருத்துவமனையில் எடுத்தால் அந்தக் கவலையே இல்லை.

காலக்கெடு முக்கியம். இழப்பீடு கேட்க விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி; அந்தக் கெடுவையே மனதில் வையுங்கள். 14 மாதம் போய்விட்டது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச உதவி உண்டு, எண் 15100. சட்ட விவரங்களை அங்குள்ள வழக்கறிஞரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரரிடம் கேட்காதீர்கள்.

உங்களைப் பற்றி

கடிதத்தின் ஓரத்தில், 'இரண்டு தடவை கையை ஓங்கிவிட்டார், அடிக்கவில்லை' என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் பெரிய எழுத்தாகவே படித்தேன். மூன்றாவது முறை ஓங்கினால் பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள். எந்த வீட்டுக்கு என்பதை இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மகளுக்கும் சொல்லி வையுங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், எந்த நேரத்திலும், உங்களுக்காகவும். குடியை நிறுத்துவதற்கான வழிகாட்டலுக்கு 14446.

அடுத்த புதன்கிழமை மறுபரிசோதனை என்று எழுதியிருக்கிறீர்கள். போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும், அவர் தலையணைக்கடியில் வைத்திருக்கும் காலி மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில், "தினமும் இரவு 180 மில்லி, காலை 90 மில்லி, டிரமடால் நாளொன்றுக்கு இத்தனை, போன முறை மூன்றாம் நாள் இரவு குழப்பம் வந்தது" என்று எழுதி, அட்டைகளோடு மயக்க மருந்து மருத்துவரின் மேசைமேல் வைத்துவிடுங்கள். அந்த மூன்று வரி அவருக்குப் போதும்.